வெர்லன் ஸ்பைவியின் முப்பத்தேழு வீடுகள்

வெர்லன் ஸ்பைவியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. தங்கமானவர்கள் என்று ஊரே சத்தியம் செய்த இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பியவள் நான். ஒருவனைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி நல்லதாகச் சொன்னால், யாரும் அவனைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அர்த்தம். நான் பார்த்திருக்கிறேன். அவர் சர்வேயர். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு எதிரே அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டோரெத்தா விட்லி நான்தான். அவருடைய அலுவலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

எங்கள் ஊர் பூன்ஸ் ஃபெர்ரியில் டார் ஆறு வளைந்து போகிறது. தொண்ணூற்றொன்பதாம் வருட வெள்ளத்தில் எங்கள் சர்ச் பியானோ நெடுஞ்சாலையில் மிதந்தது. அதற்கப்புறம் ஆற்றோரத்தில் வீடு கட்டுகிறவன், விற்கிறவன், வங்கிக்குப் போகிறவன் எல்லோருக்கும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. வீட்டுத் தரை, அரசாங்க வரைபடம் காட்டுகிற வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, எத்தனை அடி என்று அளந்து, சர்வேயர் முத்திரை குத்தித் தருகிற காகிதம். உயரச் சான்று என்போம். எங்களுக்கு வருகிற பத்து வேலையில் ஏழு அதுதான்.

இந்தக் கதை நடந்த வருடம் ஏப்ரலில் கவுண்டி அலுவலகத்திலிருந்து, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து, கடிதம் வந்தது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வெள்ளப் பகுதி வேலைக்கென்று தனிப் பயிற்சி எடுத்துச் சான்று வாங்கிய சர்வேயர்களின் கையெழுத்தைத்தான் ஏற்போம் என்றிருந்தது. மூன்று நாள் வகுப்பு. நான்காம் நாள் தேர்வு. பிறகு, தான் ஏற்கெனவே முத்திரை குத்திய உயரச் சான்றுகளில் மூன்றை, களக் குறிப்பேட்டோடு கொண்டுபோய்ப் பரிசோதகர்கள் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் பயிற்சிச் சான்று.

வெர்லனுக்கு அறுபத்து மூன்று வயது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கிடைக்கலன்னா கதவை மூடிட வேண்டியதுதான், டோரெத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதிலேயே எல்லாம் இருந்தது. அந்த ஆளுக்கு அளப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மீன் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்து மீன் பிடிக்கத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

இது சின்ன ஆட்களை ஒழித்துக்கட்ட மாநிலத் தலைநகரான ராலேயின் பெரிய கம்பெனிகள் போட்ட திட்டம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின குளிர்காலத்தில்தான் அப்படி ஒரு கம்பெனியிலிருந்து ஒருவன், சேறே பார்க்காத பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் பழைய கோப்புகளையெல்லாம் விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வருகிறவர்களை எனக்குத் தெரியாதா? வெர்லனிடம் சொன்னேன். "பயிற்சி எடுக்கறதுல என்ன நஷ்டம்?" என்று கேட்டுவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டார்.

அவருடைய கதையைச் சொல்கிறேன், சுருக்கமாகத்தான். இன்னொருவன் நிலத்தில் புகையிலை பயிரிட்ட குடும்பம். பத்தொன்பது வயதில் சாலைத் துறையில் புதர் வெட்டவும் அளவுச் சங்கிலி இழுக்கவும் சேர்ந்தார். சர்வேயர் உரிமத் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை, முப்பத்தெட்டாவது வயதில் தேறினார். பழைய முடிதிருத்தும் கடையில் அலுவலகம் வைத்தார். சுவரில் கண்ணாடி இன்னும் இருக்கிறது. ஒருநாளும் அவர் அதில் முகம் பார்த்து நான் கண்டதில்லை. மத்தியானம் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பிஸ்கட் ஒரு பொட்டலம், ஒரு பெப்சி. பெப்சிக்குள்ளே உப்புக் கடலையைக் கொட்டிக் குடிப்பார். பேச்சு கிடையாது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

நான் வேலை கேட்டுப் போன அன்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பாம்புக்குப் பயமா? பாம்பு என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரியும், மனுஷனைத்தான் சொல்ல முடியாது என்றேன். மறுநாள் காலை ஆறரைக்கு வரச் சொன்னார்.

ஐந்து வருடம் முன்பு வரை எங்கள் வேலை இப்படி. உயரம் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் அது பழைய தபால் நிலையத்தின் கருங்கல் படி. அதில் அரசாங்கம் பதித்த ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. அதன் உயரத்தைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து ஏறி இறங்கி அந்த வீடு வரை அளந்து போவோம். போன வேலை முடிந்ததும் அளந்துகொண்டே திரும்பி வந்து, அதே வில்லையில் முடிப்போம். தொடங்கின எண்ணும் முடிந்த எண்ணும் ஒன்றாக வந்தால் வளையம் மூடியது என்போம். எங்கள் வளையங்கள் எப்போதும் மூடும். ஒரு விரல் நகம் அளவுகூட வித்தியாசம் வராது. அதில் எனக்குக் கர்வமே உண்டு. கருவியில் பார்த்து அவர் எண்ணை இரண்டு தடவை சொல்வார், நான் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவேன். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

ஜூன் மாதம் வகுப்புக்கு ராலே போனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தேர்வு என்ன ஆயிற்று என்றேன். பாஸ் என்றார். எவ்வளவு மார்க் என்றேன். தொண்ணூற்று நாலு என்றார். தொண்ணூற்று நாலு வாங்கினவன் முகமா அது? இழவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி தொப்பியைக்கூடக் கழற்றாமல் கோப்பு அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் வந்தபோது அலமாரியின் கீழ் டிராயர் பூட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த டிராயரைப் பூட்டி நான் பார்த்ததில்லை. அதற்குச் சாவி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. என்ன சீஃப், திருடன் பயமா என்று கேட்டேன். கோப்புகளை ஒழுங்கு பண்ணுகிறேன் என்றார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? எனக்கு அன்றே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வாரம் ஓதோ ரிடிக் என்னைத் தீவனக் கடையில் பிடித்துக்கொண்டார். எழுபத்தைந்து வயது. ஊரில் எந்த விருந்து என்றாலும் குழி வெட்டி முழுப் பன்றியை வாட்டுகிறவர் அவர்தான். யாரையும் நம்பாததில் எனக்கு அண்ணன். நாங்கள் ஒரு வேலிப் பக்கம் அளவுக் கருவியின் முக்காலியை நிறுத்தினாலே வீடுகளில் திரைச்சீலை அசையும். ரோடு போட வந்தார்களா, பக்கத்து வீட்டுக்காரன் வக்கீல் அனுப்பினானா என்று. ஓதோ திரைக்குப் பின்னால் நிற்க மாட்டார். நாயோடு வெளியே வந்துவிடுவார்.

"உங்க சீஃப் செவ்வாக்கிழம காலைல என் வீட்டு வாசல்ல தனியா நின்னுட்டிருந்தாரும்மா" என்றார். "கம்பை ஒரு கம்பிக்கால்ல நட்டு வச்சுட்டு, தானே ஓடிப்போய்ப் பாத்துட்டு, தானே எழுதிக்கிட்டாரு. உன்னை வேலய விட்டு நிறுத்திட்டாரா?"

 இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு மத்தியானம் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் என் காரில் பின்னாலேயே போனேன். வெட்கமில்லாமல்தான் போனேன். தூறலில் தபால் நிலையப் படியில் மண்டியிட்டு, அந்தப் பித்தளை வில்லையைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செயற்கைக்கோள் கருவி நின்றது. அது நாங்கள் ஐந்து வருடத்துக்கு முன்னால் வாங்கினது, நிற்கிற இடத்தின் உயரத்தை அதுவே நேராகச் சொல்லிவிடும். அது வந்த பிறகு வில்லையிடம் எங்களுக்கு வேலையே இல்லை. இல்லாத வேலையை ஒருவர் மழையில் மண்டியிட்டுச் செய்கிறார் என்றால் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

இரண்டு காரணம்தான் எனக்குத் தோன்றியது. ஒன்று, பளபள பூட்ஸ்காரனுக்கு எல்லாவற்றையும் விற்கப்போகிறார். இல்லையென்றால், எங்கோ பெரிய தப்பு நடந்திருக்கிறது, அதை மூடப் பார்க்கிறார்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை பல் பிடுங்கப் போயிருந்தபோது ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிராயரைத் திறந்தேன். திறந்தது தப்புதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

உள்ளே முப்பத்தேழு கோப்புகள் இருந்தன. எல்லாம் ஆறேழு வருடத்துக்கு முந்தினவை. ஒவ்வொரு சான்றின் ஓரத்திலும் பென்சிலால் அவர் கையால் ஒரு புது எண். ஒவ்வொன்றும் பழைய எண்ணைவிட ஓர் அடி குறைவு. ஓதோ ரிடிக் வீடு, ஓர் அடி குறைவு. பாப்டிஸ்ட் பாதிரியார் வீடு, ஓர் அடி குறைவு. சும்மா சொல்லக் கூடாது, இருபத்திரண்டு வருடம் கம்பு பிடித்ததற்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது.

எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்தை எங்கே வைத்து உயரத்தை எண்ணுவது என்று இந்த நாட்டில் இரண்டு கணக்கு உண்டு. இருபத்தொன்பதாம் வருடத்துப் பழைய கணக்கு, எண்பத்தெட்டாம் வருடத்துப் புதுக் கணக்கு. எங்கள் பக்கத்தில் ஒரே படிக்குப் பழைய கணக்கில் எண் ஓர் அடி கூடுதலாக வரும். வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் வரைபடங்களைப் புதுக் கணக்கில் வரைந்தது. வில்லைகளுக்கும் புது எண் போட்டுப் பட்டியல் அனுப்பியது. வரைபடம் புதுக் கணக்கில் இருக்கும்போது வில்லையின் பழைய எண்ணிலிருந்து தொடங்கி அளந்தால், ஒவ்வொரு வீடும் இருப்பதைவிட ஓர் அடி மேலே இருப்பதாகக் காகிதம் சொல்லும். வளையமும் அழகாக மூடும். தொடங்கின எண்ணிலேயே முடிகிறது, மூடாமல் என்ன செய்யும்? புது வரைபடம் வந்ததற்கும் எங்களுக்குச் செயற்கைக்கோள் கருவி வந்ததற்கும் இடையில் இரண்டு வருடம்; கருவி தானாகவே புதுக் கணக்கில்தான் எண் சொல்லும். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அளந்த வீடுகள்தான் முப்பத்தேழும்.

கடைசிக் கோப்பு என் வீட்டினுடையது.

என் தரை 43.10 என்று சான்று சொன்னது. வெள்ளக் கோடு 42.60. அரை அடி மேலே இருக்கிறேன் என்று அந்தக் காகிதத்தை நம்பி நான் வெள்ளக் காப்பீட்டை நிறுத்தியிருந்தேன். என் வாழ்க்கையில் கேள்வி கேட்காமல் நம்பின ஒரே காகிதம் அது. ஓரத்தில் பென்சிலில் 42.09 என்று எழுதியிருந்தது. அப்படியானால் அரை அடி கீழே. புயல் மாதங்கள் தொடங்கிவிட்டன. காப்பீடு இன்றைக்குப் போட்டாலும் முப்பது நாள் கழித்துத்தான் செல்லும். இதெல்லாம் தெரிந்தும் இந்த மனிதர் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து கடலை போட்ட பெப்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வந்ததைக் கோபம் என்று சொல்லலாம், ஆனால் கோபம் எனக்குப் பழக்கமான விஷயம். இது அது இல்லை. நான் சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒரு ஆளைத்தான், அவரும் அப்படித்தானா என்று இருந்தது.

அவர் மேஜையில் வேறு மூன்று கோப்புகள் கிளிப் போட்டுத் தனியாக இருந்தன. 'பரிசோதனைக்கு' என்று மேலே எழுதியிருந்தது. புரட்டினேன். மூன்றும் போன வருடத்து வேலை. செயற்கைக்கோள் கருவியில் அளந்தது. குற்றம் சொல்ல முடியாத வேலை. அப்போது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. முப்பத்தேழைப் பூட்டி வைத்துவிட்டு இந்த மூன்றைக் காட்டிச் சான்று வாங்கப்போகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

திறந்த டிராயரை மூடிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பூட்டு கீறியிருந்ததைப் பார்த்திருப்பார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணில் பார்க்காமல் வேலை செய்தோம். அவர் எண் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். அதோடு சரி. அந்த இரண்டு வாரத்தில் என் வீட்டுக் காப்பீட்டை மறுபடி போட்டுவிட்டேன். மற்ற முப்பத்தாறு வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பரிசோதனை நாள் வரட்டும், எல்லோர் முன்னாலும் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அது நான் செய்த இன்னொரு தப்பு.

பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது, எந்த மூன்றை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வர வேணாம், டோரெத்தா. அங்க உனக்கு ஒரு வேலையும் இல்ல."

"குறிப்பேடு எழுதினவ நான். கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது?"

அதற்கு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைக் குற்றவாளியின் முகம் என்று எடுத்துக்கொண்டேன். வர வேண்டாம் என்று அவர் இரண்டாம் தடவை சொன்னதும் என் கைப்பையில் என் வீட்டுச் சான்றின் நகலை வைத்துவிட்டேன். அவர் அந்தச் சுத்தமான மூன்றையும் மேஜையில் வைத்த மறுநிமிடம் எழுந்து இதைப் போட்டு உடைப்பது என்று முடிவு. வண்டியில் போகும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

பரிசோதனை பக்கத்துக் கவுண்டியின் நூலகத்தில், குழந்தைகள் கதை கேட்கிற அறையில் நடந்தது. சுவரெல்லாம் காகித மீன்கள். பெரிய பரிசோதகர் கார்டீலியா புரூடன் என்ற ஒல்லியான அம்மாள். முப்பது வருட சர்வேயர். உதட்டைக் கடித்துக்கொண்டே படிக்கிற வழக்கம். அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். நான் சுவரோரம், சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்திருந்தேன்.

வெர்லன் தொப்பியைக் கழற்றினார். உறையைத் திறந்து மூன்று கோப்புகளை வைத்தார். மேலே இருந்தது ஓதோ ரிடிக் வீடு.

எனக்குப் புரியவில்லை. அடுத்தது பாதிரியார் வீடு. மூன்றாவது என் வீடு.

"இந்த மூணும் தப்புங்க, மேடம்" என்றார். "ஒரு அடி தப்பு. இதுமாதிரி இன்னும் முப்பத்துநாலு இருக்கு. உங்க வகுப்புல ரெண்டாம் நாள், அவங்கவங்க பழைய வேலை ஒண்ண எடுத்து எந்தக் கணக்குல தொடங்கினீங்கன்னு பாக்கச் சொன்னீங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. முப்பத்தேழயும் திரும்ப அளந்துட்டேன். சரியான எண் ஓரத்துல இருக்கு."

புரூடன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல கோப்பு எதுவும் இல்லையா என்று கேட்டார். நிறைய இருக்கிறது, அதைக் காட்டி வாங்கினால் இதை என்ன செய்வது என்று வெர்லன் திருப்பிக் கேட்டார். அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு குறிப்பேட்டைப் புரட்டி, முதல் வரியில் விரலை வைத்தார்.

"47.62. இது பழைய எண். புதுப் பட்டியல் அப்பவே உங்க கையில இருந்திருக்கணுமே. இத யாரு எழுதினது?"

"நான்தான்" என்றார் வெர்லன்.

நான் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு. என் முதல் புருஷனோடு ஜெர்மனியில் ராணுவக் குடியிருப்பில் மூன்று வருடம் இருந்தபோது அங்கே கற்றுக்கொண்டது. எங்கள் கவுண்டியில் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அப்போதுதான் அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. புதுப் பட்டியல் தபாலில் வந்தது. வெர்லன் அதை என்னிடம் கொடுத்து, இனிமேல் இதைப் பார்த்து எழுது என்றார். நான் பார்த்தேன். எங்கள் வில்லைக்கு 46.61 என்று போட்டிருந்தது. நாற்பது வருடமாக ஊருக்கே தெரிந்த எண்ணை ராலேயில் உட்கார்ந்திருக்கிற எவனோ ஓர் அடி குறைத்துவிட்டான், அச்சுப் பிழை, இந்த அரசாங்கத்தானை நம்பினால் இப்படித்தான் என்று நினைத்தேன். பட்டியலை டிராயரில் போட்டுவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த எண்ணையே எழுதினேன். ஒரு தடவை இல்லை, முப்பத்தேழு தடவை. ஒவ்வொரு தடவையும் வளையம் மூடியது, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கர்வமாக இருந்தது.

முகத்தில் யாரோ கொதிக்கிற வெந்நீரை ஊற்றின மாதிரி இருந்தது. இத்தனை நாளும் பூட்டின டிராயருக்குள் அவர் மறைத்து வைத்திருந்தது என் கையெழுத்தைத்தான். வர வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னது அதற்காகத்தான். நான் கைப்பையில் அவருக்கு எதிராகக் காகிதம் கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன். மனப்பாடம் செய்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"அவர் பொய் சொல்றாரு, மேடம்" என்றேன். "அது என் கை. புதுப் பட்டியல் வந்துது. அவரு அதப் பாத்துத்தான் எழுதச் சொன்னாரு. நான்தான் நம்பல."

வெர்லன் திரும்பவே இல்லை. உட்காரு டோரெத்தா என்று மட்டும் சொன்னார். இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டான். புரூடன் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. யார் எழுதினாலும் முத்திரை குத்தினவர்தான் பொறுப்பு, அதுதான் முத்திரைக்கு அர்த்தம், நீங்கள் சொன்னதால் அவருடைய பொறுப்பில் ஒரு துளியும் குறையாது என்றார். சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். எனக்கு அந்த நன்றி முள்ளாகக் குத்தியது.

தீர்ப்பு இதுதான். பயிற்சிச் சான்று இன்றைக்குக் கிடையாது. முப்பத்தேழு வீட்டுக்கும் நேரில் போய், பழைய காகிதம் தப்பு என்று உரிமையாளரிடம் சொல்லி, புதுச் சான்றைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் முப்பத்தேழு கையெழுத்தும் வந்தால் அவர் பெயர் சான்று பெற்றவர்கள் பட்டியலில் ஏறும். ஒன்று குறைந்தாலும் ஏறாது. சர்வேயர் உரிமம் தருகிற வாரியத்துக்கு இந்தத் தப்பைத் தானே எழுதி அனுப்புவதாகவும் அம்மாள் சொன்னார். வெர்லன் தலையாட்டினார்.

திரும்பி வர நாற்பது மைல். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவர் ஒரு பெட்ரோல் கடையில் நிறுத்தி, எனக்கும் ஒரு பெப்சி வாங்கி வந்து கையில் கொடுத்தார். கடலை போட்டிருந்தது. எனக்கு அது பிடிக்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். குடித்தேன்.

மறுநாளே கிளம்பினோம். முதல் வீடு ஓதோ ரிடிக். நாயோடு வந்து படியில் நின்றுகொண்டார். வெர்லன் தொப்பியைக் கழற்றி, விஷயத்தைச் சொன்னார். ஓதோ இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆறு வருஷமா நான் கோட்டுக்குக் கீழே படுத்துத் தூங்கிட்டிருக்கேனா என்று கேட்டார். ஆமாம் என்றார் வெர்லன்.

"யாரு பண்ண தப்பு இது?"

வெர்லன் வாய் திறக்கும் முன்னால் நான் சொல்லிவிட்டேன். ஓதோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஊரில் கொஞ்சம் விவரமானவள் நீ ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன் என்றார்.  கையெழுத்துப் போட்டுவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

பாதிரியார் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். ஒரு பெண் காகிதத்தைக் கிழித்து எங்கள் காலடியில் போட்டாள். அவளிடம் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. ஒருவன் இது காப்பீட்டுக் கம்பெனிக்காக நாங்கள் கட்டின நாடகம் என்றான். அவனிடம் நான் ஒரு மணி நேரம் வாதாடினேன். அவன் சொன்னது ஒவ்வொன்றும் நானே சொல்லக்கூடிய பேச்சாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நான்தான் பதில் சொன்னேன். முதல் பத்து வீடு வரை எண்ணிக்கொண்டு வந்தேன். அப்புறம் எண்ணவில்லை. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி முப்பத்தாறு கையெழுத்து ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வெர்லன் நிற்கிறார். சட்டை மாற்றியிருந்தார். தொப்பி கையில்.

உள்ளே வாருங்கள் சீஃப் என்றேன். வரவில்லை. மற்ற முப்பத்தாறு வாசலில் சொன்ன அதே வாக்கியங்களை, அதே வரிசையில், என்னிடமும் சொன்னார். நீங்கள் வைத்திருக்கும் சான்றில் உங்கள் தரை 43.10 என்று இருக்கிறது. அது தப்பு. சரியான எண் 42.09. அது வெள்ளக் கோட்டுக்குக் கீழே. இந்தத் தப்புக்கு வருந்துகிறேன். முத்திரை என்னுடையது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஏதாவது கேக்கணுமா, மேடம்?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. ஜூன் மாசமே தெரிஞ்சுதே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பினார்.

"சொன்னா நீ நம்பியிருக்க மாட்ட. அரசாங்கப் பட்டியல்தான் தப்புன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்திருப்ப. முப்பத்தேழு வீட்டயும் அளந்து கையில வச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ டிராயரத் திறந்துட்ட."

அப்படித்தான் சண்டை போட்டிருப்பேன்.  அவர் நீட்டின பேனாவை வாங்கி, கதவிலேயே காகிதத்தை வைத்து முப்பத்தேழாவது கையெழுத்தைப் போட்டேன். அதன் கீழே தேதி எழுதினேன்.